பொது அச்சின் சொந்தக்காரி

அச்சக்கா ஒரு சாது என்று அந்த அலுவலகம் பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தது. நம்பியவர்கள் மேல் தப்பில்லை. அவள் குரலை உயர்த்திப் பேசமாட்டாள். யாராவது அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டால் வேறொன்றை இழுத்துப் போட்டுக்கொள்வாள். டீ ஆறிப்போய் வந்தாலும் முணுமுணுக்காமல் குடித்துவிடுவாள். ஆனால் இரண்டாம் வகுப்பில் தன் பென்சிலை முறித்த பிள்ளை எந்த பெஞ்சில் எந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தது என்பதை நாற்பத்து மூன்று வயதிலும் அவளால் சொல்ல முடியும். இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

அச்சக்கா என்ற பெயர் வந்த கதை சின்னது. கம்ப்யூட்டர் வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஓர் அச்சகத்தில் பக்கம் கோர்க்கும் வேலை பார்த்தாள். மண்ணெண்ணெய் நாற்றமும் மையும் ஒட்டிய அந்த வேலையை விட்டு வந்ததில் அவளுக்கு ஒரு பொட்டு வருத்தமும் இல்லை. ஒரு வார்த்தை மட்டும் கூடவே வந்துவிட்டது. பல பக்கங்களுக்கும் பொதுவான மாதிரியை மற்றவர்கள் டெம்ப்ளேட் என்றால் அவள் அச்சு என்பாள். அதனால் அச்சக்கா ஆனாள்.

நகராட்சியின் பதிவு அலுவலகத்துக்கு வேண்டிய இணையச் செயலியைச் செய்து கொடுத்துப் பராமரிப்பதுதான் அவர்கள் தொழில். பிறப்பு, திருமணம், இறப்பு, பெயர் மாற்றம் என்று மனிதன் வந்ததிலிருந்து போவது வரை எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம். மொத்தம் முந்நூற்று நாற்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனித் தலை, தனித்தனி வால். ஒரு சமயம் நகராட்சி தன் சின்னத்தை மாற்றியது. முந்நூற்று நாற்பது இடத்திலும் கையால் மாற்றினார்கள். பதினோரு நாள் பிடித்தது. அப்படியும் மூன்று பக்கங்கள் விட்டுப்போயின. அந்த மூன்றில் ஒன்றைத்தான் நகராட்சி ஆணையர் திறந்து பார்த்தார்.

கம்பெனி இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டுக் கத்தி முடித்த பிறகு அச்சக்கா மெதுவாகச் சொன்னாள். "சார், தலையும் வாலும் ஒரே எடத்துல இருந்தாப் போதும். மத்த பக்கமெல்லாம் அதை இரவல் வாங்கிக்கட்டும்."

"செய்யுங்க" என்றார் இயக்குநர்.

எட்டு மாதம் ஆயிற்று. 'பொது' என்று ஒரு ஃபோல்டர் போட்டாள். மேல்பட்டை, பக்கவாட்டுப் பட்டியல், கீழ்ப்பட்டை, சான்றிதழ் அச்சாகும் தாளின் விளிம்பு எல்லாம் அதற்குள் ஒரே ஒரு பிரதி. பிறப்புக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று என்று தனி ஃபோல்டர்களும் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் ஏதாவது வித்தியாசமாக வேண்டுமென்றால் அதை அந்தப் பிரிவின் ஃபோல்டரில் வைக்க வேண்டும். செயலி முதலில் அங்கே பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ளும். பொதுவில் கை வைத்தால் எல்லாப் பக்கமும் மாறும். விஷயம் இவ்வளவுதான். இதை ஒழுங்குபடுத்த முந்நூற்று நாற்பது பக்கத்தையும் பிரித்துப் போட்டு, தலையையும் வாலையும் வெட்டி, மறுபடி கோர்க்க வேண்டியிருந்தது. கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவாள், கழுத்து வலியோடு வருவாள்.

அச்சகத்துப் பழக்கம் ஒன்றையும் விடவில்லை. பொதுவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ஐந்து பிரிவுகளிலிருந்து ஐந்து தாள்களை அச்சடித்து மேசையில் பரப்பிப் பார்ப்பாள். புரூஃப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டாள்.

இனி கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் பஸ் டிரைவர். அவருடைய தம்பி மாடியில் குடியிருந்தான். இரண்டு வருடம் வேலையில்லாமல் மாடிக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தவனை இதே அலுவலகத்தில் சேர்த்துவிட்டவள் அச்சக்காதான். பக்கத்தில் உட்காரவைத்து வேலையும் சொல்லிக் கொடுத்தாள். வேலை அவனுக்கு அரைகுறையாகத்தான் வந்தது. வாய் மட்டும் முழுசாக இருந்தது. எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு "பாருங்க சார், அடிப்படையில என்ன விஷயம்னா" என்று ஆரம்பித்தால் கேட்பவர்களுக்கு அவன்தான் மின்சாரத்தையே கண்டுபிடித்தான் போலிருக்கும்.

பொது அச்சு முடிந்து, பதிவு அலுவலகத்தாருக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அதே நாளில் அவள் புருஷனுக்குக் கண் ஆபரேஷன். கூடப்பிறந்த அண்ணனாயிற்றே, கொழுந்தன் ஆஸ்பத்திரிக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். "ஆபீஸ்ல முக்கியமான வேலை இருக்கு அண்ணி, நீங்க அண்ணனைப் பாத்துக்கங்க, நான் எல்லாத்தையும் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்ளத்தான் செய்தான். கூட்ட அறையில் திரையைப் போட்டு, சட்டைக் கையை மடித்து, எட்டு மாத உழைப்பை நாற்பது நிமிடத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டான். "இந்த யோசனை எனக்கு எப்படி வந்துச்சுன்னா" என்று ஒரு கதையும் சொன்னானாம். கை தட்டினார்களாம். அந்த நேரத்தில் இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொட்டு மருந்துப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்தபோது கொழுந்தன் வடிவமைப்புத் தலைவர் ஆகியிருந்தான். பொது அச்சின் ஃபைலைத் திறந்தாள். செய்தவர் பெயர் எழுதும் முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. தன் பெயர் ஒருவேளை இரண்டாவதாக இருக்குமோ என்று கீழே தேடினாள். தேடியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். "வீட்டுப் பிரச்சினையை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தவர், "ஆபீஸ் பிரச்சினையை வீட்டுக்குக் கொண்டு வராத. அவன் சின்னப் பையன், விட்டுடு" என்றார்.

"முப்பத்தஞ்சு வயசுச் சின்னப் பையன்" என்றாள்.

"எனக்குத் தம்பிதானே?"

அதற்கு மேல் அவள் யாரிடமும் முறையிடப் போகவில்லை. இரண்டு வாரம் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பணமோ பதவியோ அவளுக்கு வேண்டாம். அதே அறையில், அதே ஆட்களுக்கு முன்னால், 'இது நான் செஞ்சதில்ல, அண்ணி செஞ்சது' என்று அவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அது நடக்கும்வரை அவனுக்கு ஒரு துரும்புகூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

தலைவரானதும் அவன் முதலில் செய்த காரியம், பொது ஃபோல்டரை மற்றவர்கள் தொட முடியாதபடி பூட்டியது. இரண்டாவது காரியம், அச்சக்காவைப் பரிசோதனை மேசைக்கு மாற்றியது. மூன்றாவதாக, ஐந்து தாள் புரூஃப் வழக்கத்தை நிறுத்தினான். "இந்தக் காலத்துல யாரு அண்ணி பேப்பர்ல பாக்கறா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். "பொது அச்சைப் பத்தி இனிமே நீங்க கவலையே படாதீங்க. அது என் பொறுப்பு."

"சரி தம்பி" என்றாள்.

அந்த 'சரி'யை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டான். பாவம்.

நான்கு மாதம் காத்திருந்தாள். பரிசோதனை மேசை ஒரு வகையில் நல்ல இடம். அவன் செய்வதெல்லாம் அவள் கண் முன்னால்தான் வந்து விழும். எந்தப் பக்கத்தைக் கேட்டார்களோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு 'முடிஞ்சது' என்று அனுப்பிவிடுவது அவன் வழக்கம் என்று முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். பொது அச்சை வைத்துக்கொண்டு அந்தப் பழக்கம் உள்ளவன் என்றைக்காவது ஒரு நாள் வசமாக மாட்டுவான். அவள் ஒரு குழியும் தோண்ட வேண்டியதில்லை. அவனே தோண்டுவான், அவனே குதிப்பான்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. இறப்புப் பதிவுப் பிரிவு ஒரு மாற்றம் கேட்டிருந்தது. தங்கள் சான்றிதழில் பிரிவின் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும், சுற்றிலும் கறுப்புக் கட்டம் வேண்டும். இதை இறப்பு ஃபோல்டரில் ஒரு பிரதி போட்டுச் செய்திருக்க வேண்டும். கொழுந்தன் நேராகப் பொதுவைத் திறந்தான். பிரிவின் பெயர் தானாக வந்து விழ வேண்டிய இடத்தில் 'இறப்புப் பதிவுப் பிரிவு' என்று கையாலேயே அடித்தான். தாளைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டான். இறப்புச் சான்றிதழைத் திறந்து பார்த்தான். அழகாக இருந்தது. வெளியே அனுப்பிவிட்டான்.

காலை ஒன்பதே முக்காலுக்கு அச்சக்கா வழக்கம்போலப் பிறப்புப் பக்கத்தைத் திறந்தாள். கறுப்புக் கட்டம். மேலே பெரிய எழுத்தில் 'இறப்புப் பதிவுப் பிரிவு'. அதற்குக் கீழே 'குழந்தையின் பெயர்'. திருமணப் பக்கத்தைத் திறந்தாள். 'இறப்புப் பதிவுப் பிரிவு'. கீழே மணமகன், மணமகள். பெயர் மாற்றம், முகவரிச் சான்று, எல்லாவற்றிலும் அதே. ஊரையே ஒரு காலையில் அவன் கொன்று போட்டிருந்தான்.

அவள் கை போனை எடுக்கப் போனது. எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 'கவலையே படாதீங்க அண்ணி' என்ற சிரிப்பு காதில் கேட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. பல வருடமாக அப்படியொரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை.

பத்தரை மணிக்கு முதல் போன் வந்தது. பிறப்புப் பிரிவுக் கவுண்ட்டரிலிருந்து. கொழுந்தன் "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான். பதினொரு மணிக்குத் திருமணப் பிரிவு. "ரீஃப்ரெஷ் பண்ணுங்க." அப்புறம் பிறப்பு ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். அது காலியாக இருந்தது. காலியாக இருப்பதுதான் அதன் வேலை, காலியாக இருந்தால் பொதுவிலிருந்து வரும் என்பது அவனுக்குத் தெரியாது. யாரோ ஃபைல்களை அழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். காலி ஃபோல்டரைத் திறப்பான், மூடுவான், மறுபடி திறப்பான். கண்ணாடித் தடுப்பு வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடித்தாள். நன்றாகப் பசித்திருந்தது.

இரண்டு மணிக்கு அவனே வந்தான். சட்டைக் கை மடிப்பு அவிழ்ந்திருந்தது.

"அண்ணி, ஒரு நிமிஷம். பிறப்பு ஃபோல்டர்ல இருந்ததையெல்லாம் யாரோ அழிச்சிருக்காங்க. உங்ககிட்ட பழைய பிரதி இருக்கா?"

"பொது அச்சு விஷயமா தம்பி?"

"ஆமா அண்ணி."

"அது உங்க பொறுப்பாச்சே. செஞ்சவங்களுக்குத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்?"

அவன் முகம் வெளிறியது. சுற்றி நான்கு மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "வீட்ல பேசிக்கலாம் அண்ணி" என்றான்.

"வீட்டுக்கு ஆபீஸ் பிரச்சினையைக் கொண்டு வரக் கூடாதுன்னு உங்க அண்ணன் சொல்லியிருக்காரு."

மூன்று மணிக்கு மறுபடியும் பிறப்புப் பிரிவுக் கவுண்ட்டர். அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். "சார், இங்க ஒரு அம்மா பேப்பரைப் பாத்துட்டுத் தரையில உக்காந்துட்டாங்க சார். எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றார் கவுண்ட்டர்காரர். அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. அச்சக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். இரண்டடி வைத்தாள். அப்போது கொழுந்தன், "அவங்களுக்குத் தண்ணி குடுங்க சார். பிரச்சினை உங்க பிரிண்டர்லதான்" என்றான். அவளுக்கு ரத்தம் கொதித்தது. இந்த நிலைமையிலும் பழியைப் போட பிரிண்டர் கிடைத்துவிட்டது அவனுக்கு! திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்று மாலை சரியான நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கூட்டம். அதே அறை, அதே திரை. பதிவு அதிகாரி ஒரு கட்டுத் தாளை மேசையில் போட்டார். "நூத்தி அறுபத்தி மூணு சான்றிதழ். உயிரோட இருக்கற நூத்தி அறுபத்தி மூணு பேரு. இதை யாரு செஞ்சது?" இயக்குநர் கொழுந்தனைப் பார்த்தார். அவன் எழுந்தான். சட்டைக் கையை மடிக்கவில்லை. பாருங்க சார் என்று ஆரம்பிக்கவும் இல்லை.

"சார், இந்தப் பொது அச்சை நான் செய்யல. அண்ணி... அச்சக்காதான் செஞ்சாங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

நான்கு மாதமாக அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வசனம். நேரில் கேட்டபோது இன்னும் இனிப்பாக இருந்தது. ஆனால் ஒரு வாய் போதவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது."

அவன் இன்னொரு தடவை சொன்னான். கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், பூட்டைத் திறக்கச் சொல்லி, எல்லோரும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புக் கட்டத்தை இறப்பு ஃபோல்டருக்கு நகர்த்தினாள். பொதுவைப் பழையபடி வைத்தாள். நான்கு நிமிடம். ஐந்து பிரிவுகளிலிருந்து ஐந்து தாள் அச்சடித்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். யாரும் கை தட்டவில்லை.

இயக்குநர் ஐந்தாவது தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் கொழுந்தனுக்கு அவன் எப்படி மாட்டினான் என்பது தெரியாமலே போய்விடும். அதை அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்துக் காலைல ஒன்பதே முக்காலுக்கு."

பதிவு அதிகாரி பேனாவை மூடினார். அறையில் இருந்தவர்கள் அதுவரை கொழுந்தனைப் பார்த்த பார்வை மெல்ல நகர்ந்து அவள் மேல் வந்து நின்றது.

ஃபைலின் முதல் வரியில் அவள் பெயர் திரும்பி வந்தது. கொழுந்தனின் தலைவர் பதவி போயிற்று. அது அவளுக்கும் வரவில்லை. புதிய சான்றிதழ்களைக் கவுண்ட்டரில் உட்கார்ந்து நூற்று அறுபத்து மூன்று பேருக்கும் கையிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார் இயக்குநர். இதெல்லாம் ஒரு தண்டனையா என்றுதான் அவள் போனாள்.

முதல் நாள் சிரிப்பாகவே போயிற்று. புது மாப்பிள்ளை ஒருவன், "கல்யாணம்னா இதுதான்னு முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான். அவன் மனைவி அவன் தொடையில் கிள்ளினாள். ஒரு பெரியவர் பழைய தாளையே வைத்துக்கொள்ளட்டுமா, கடன்காரர்களிடம் காட்ட உதவும் என்று கேட்டார்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் புருஷன் துணியில் சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டிருந்தான். அவள் பழைய தாளை எட்டாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கவுண்ட்டருக்குள் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் தப்பில்லையேக்கா?"

"இல்லம்மா. நானே பாத்தேன்."

"இதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கலக்கா. அதுக்கும் இங்கதான் பேப்பர் வாங்கினேன். கறுப்புக் கட்டத்தைப் பாத்ததும் அவ்ளோதான், காலு நிக்கல. கொழந்த இவர் கையில இருக்கான்றதே மறந்துபோச்சு." சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டுச் சிரித்தாள். "உங்களைத் திட்டணும்னு வரலக்கா. யாரோ தெரியாம பண்ணிட்டாங்கன்னு இங்க சொன்னாங்க. தெரியாம நடந்ததுதானேக்கா?"

அச்சக்கா வாயைத் திறந்தாள். தரையில் உட்கார்ந்து அழுதவள் இவள்தான். மூன்று மணிக்கு. அப்போது தான் இரண்டடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தது கண் முன்னால் வந்தது. இயக்குநரிடம், அத்தனை பேர் முன்னால், நிமிர்ந்து நின்று சொன்ன அந்த ஒன்பதே முக்கால் இப்போது வெளியே வரவில்லை. அந்தப் பெண் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா. தெரியாமத்தான்."

"அப்பச் சரிக்கா" என்றாள் அவள். சான்றிதழைப் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, புருஷன் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள்.

கொழுந்தன் மாடியில்தான் இன்னும் இருக்கிறான். படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி, "அண்ணி, நான்தான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேனே, இன்னும் என்ன கோபம்?" என்று கேட்கிறான். திருட்டை அவள் மன்னித்தாலும் மன்னிப்பாள். அந்தக் கவுண்ட்டரில் தன்னை அப்படியொரு பொய் சொல்ல வைத்தானே, அதற்காகத்தான் இப்போது அவனோடு பேசுவதில்லை.